காத்து விழும்

— நான்கு மாதத்துக்கு முந்தைய ஒலிப்பதிவெல்லாம் எங்களிடம் இருக்காது அம்மா. மூன்று மாதம் வைத்திருப்போம். பிறகு அழித்துவிடுவோம்.

— நாலு மாசம் பத்து நாள்.

— அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் முன்பே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்.

— முன்னமே எப்பிடி வர்றது? புருசனுக்காக இத்தாவுல, வீட்டுக்குள்ளயே இருந்தேன். நேத்துதான் முடிஞ்சுது. இன்னைக்கு சுபுஹு தொழுதுட்டுப் படகு ஏறிட்டேன். அஞ்சு மணி நேரம். பாதி வழியில என்ஜின் வேற நின்னுபோச்சு.

— புரிகிறது அம்மா. ஆனால் நிலையத்தின் விதிமுறைகளின்படி...

— அண்ணே, என்கிட்ட ரேடியோ பேச்சு பேசாதீங்க. நீங்க துவாலிபுதானே? ஃபாஸா ஊரு பூனு மகன்?

— ஆமாம்... ஆமா. நீங்க எந்த ஊரு?

— கிவாயு. மஸ்தூரா என் பேரு. ஷெபுவானா பொண்டாட்டி.

— ஷெபுவானா.

— தெரியுதா?

— பேரு தெரியும். அந்தச் செய்திய நான்தானே வாசிச்சேன்.

— ஆமா, அதையும் நீங்கதான் வாசிச்சீங்க. ஒரு நாள் காலையில காத்தைச் சொன்னீங்க, மூணு நாள் கழிச்சு அவரு மௌத்தான சேதியைச் சொன்னீங்க. ரெண்டுக்கும் குரல் ஒண்ணுதான். ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல.

— அப்பிடித்தான் வாசிக்கணும்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்காங்க.

— என்னத்த சொல்லிக்குடுத்தாங்களோ. உக்காரலாமா? நின்னா தலை சுத்துது. நாலு மாசமா அறையைவிட்டு வெளிய வராத காலு.

— உக்காரு, உக்காருமா. அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காரு, அதுல நான் உக்காந்துக்கறேன். நெக்கேசா! ஒரு டீ கிடைக்குமா? சர்க்கரை தூக்கலா.

— சரி சார். ரெண்டு டீயா?

— ரெண்டு. மந்தாசிப் பணியாரம் இருந்தா அதுவும் கொண்டா.

— அண்ணே, எனக்கு டீயும் வேணாம் மந்தாசியும் வேணாம். நீங்க அன்னைக்குச் சொன்னத ஒரு தடவ கேக்கணும். கேட்டுட்டு அஸருக்கு முன்னாடி துறைக்குப் போயிருவேன். அதுக்கப்புறம் படகு இல்ல.

— அதான் அழிச்சிட்டாங்கன்னு சொல்றேனே.

— நீங்க அழிச்சதப் பாத்தீங்களா?

— இல்ல. அதாவது... அது தானா அழியும். கணினியிலயே அப்பிடி வெச்சிருக்கு.

— எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆறாவது வரைக்கும் படிச்சவ. நான் இங்கயே உக்காந்திருக்கேன். நீங்க தேடிப் பாருங்க.

— எதுக்கும்மா அது இப்ப? போனவரு போயிட்டாரு. அல்லா அவரு கபுறை விசாலமாக்கட்டும். அதைக் கேட்டு என்ன ஆகப்போவுது?

— வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் எங்க வீட்டு ஆம்பளைங்க உக்காரப்போறாங்க. என் கொழுந்தன் லாலி, அவங்க பெரியப்பா, பள்ளிவாசல்லேர்ந்து ரெண்டு பேரு.

— எதுக்கு?

— என் ரெண்டு புள்ளைங்களும் யார்கிட்ட இருக்கணும்னு பேச. புள்ளைங்கள லாலி வெச்சுக்குவாராம். நான் ந்தாவு தீவுல எங்கம்மா வீட்டுக்குப் போயிறணுமாம்.

— ஏன்? தாய்கிட்டயிருந்து ஏன் புடுங்கணும்?

— நான் பொய்க்காரியாம். புருசனக் கடலுக்குத் தள்ளிவிட்டவளாம்.

— யாரு சொன்னது?

— லாலிதான். அவரைக் குத்தம் சொல்லவும் முடியாதுண்ணே. கூடப் பொறந்தவன் போயிட்டான். மூணு நாள் கடல்ல தேடுனவரு அவருதான். கியூங்காவுக்கு அப்பால கரையில கிடந்தவரைத் தூக்கிட்டு வந்து குளிப்பாட்டுனதும் அவருதான். யாரையாவது திட்டணும்ல? நான்தானே பக்கத்துல இருக்கேன்.

— சார், டீ. மந்தாசி ஆறிடுச்சு. மன்னிச்சுக்கோங்க அம்மா.

— பரவால்லம்மா. வெச்சிட்டுப் போ.

— ஒன்று கேட்கட்டுமா சார்? நீங்கள் இருவரும் சண்டை போடுகிறீர்களா? வெளியே கேட்டால் அப்படித்தான் இருக்கிறது.

— சண்டையெல்லாம் இல்ல. எங்க பேச்சே அப்பிடித்தான்.

— உங்கள் பேச்சு இதுதானா! ஏழு வருடமாகக் கூட வேலை பார்க்கிறேன், இதுவரை ஒரு வார்த்தைகூட நீங்கள் பேசி நான் கேட்டதில்லை. பாதி புரிகிறது, பாதி வேறு என்னவோ போல் இருக்கிறது.

— நீ போம்மா. ஒரு மணி அறிக்கை வந்துச்சான்னு பாரு.

— சரி சார்.

— அந்தப் பொண்ணு என்னண்ணே சொல்லிட்டுப் போவுது? ஏழு வருசமா ஒரு வார்த்தையுமா பேசல?

— யார்கிட்ட பேச? இவ மேற்கால மலைநாட்டுக்காரி. என் பொண்டாட்டி மொம்பாசா. புள்ளைங்களுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க அத்தை இருந்த வரைக்கும் பேசுனேன். அவங்க போயி ஆறு வருசம்.

— அதான் உங்க பேச்சு இப்பிடிக் கிடக்கு.

— எப்பிடி?

— கோவிச்சுக்காதீங்க. உப்புப் போடாம அவிச்ச மீனு மாதிரி. மீனுதான். ஆனா வாயில வெக்க முடியல.

— ஹும். ஒன்பது வயசுல இங்க கொண்டாந்து பள்ளிக்கூடத்துல விட்டாங்கம்மா. வாயத் தொறந்தாலே சிரிப்பாங்க. 'தீவான், தீவான்'னு. வாத்தியாரு ஒரு கட்டையில கயிறு கட்டி வெச்சிருப்பாரு. நம்ம பேச்சு பேசுனவன் கழுத்துல அன்னைக்கெல்லாம் அது தொங்கும். முதல் வருசம் முழுக்க என் கழுத்துலதான். ரெண்டாம் வருசம் வேற ஒருத்தன் கழுத்துக்குப் போயிருச்சு. அவ்வளவு சீக்கிரம் கத்துக்கிட்டேன்.

— கெட்டிக்காரரு.

— கெட்டிக்காரன்தான். அந்தச் சுத்தமான பேச்சுதானே இந்த நாற்காலியக் குடுத்துச்சு.

— காலு ஆடற நாற்காலி.

— ஹா. ஆமா. அதுவும் சரிதான்.

— அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. அன்னைக்குக் காலையில நான் அடுப்படியில இருந்தேன். ரேடியோ கதவுல மாட்டியிருந்துச்சு. எப்பவும் அதுதான் ஓடும், யாரு கேக்கறா? ஓதறது, பாட்டு, செய்தின்னு அது பாட்டுக்குப் போவும். சின்னவ வேற ஆட்டுக்குட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னு அழுவறா. அவளப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கேன். திடீர்னு நம்ம பேச்சு! ரேடியோவுல! எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. புள்ளைய விட்டுட்டு உள்ள ஓடுனேன். ஓடிவந்து நான் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

— என்ன கேட்ட?

— அத நான் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீங்க ஆமான்னா, ஏதோ இரக்கப்பட்டு ஆமான்னீங்கன்னு ஆயிரும். லாலியும் அதத்தான் சொல்லுவாரு. எனக்கு உங்க குரல்ல கேக்கணும்.

— ஏன், மத்தவங்க யாரும் கேக்கலியா?

— கிவாயுவுல அன்னைக்கு எட்டு படகு கரையிலயே கிடந்துச்சு. எல்லாரும், 'ரேடியோவுல கடலுக்குப் போகாதேன்னுதான் சொன்னாங்க, இவ என்ன மாத்திச் சொல்றா'ங்கறாங்க. எட்டு வீடு ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். நாலு மாசம் பத்து நாள் ஒரே அறையில உக்காந்து இதையேதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கே சந்தேகம் வந்துருச்சுண்ணே. உண்மையிலயே காதுல விழுந்துச்சா, இல்ல நானா நெனச்சுக்கிட்டேனான்னு. பைத்தியம் புடிச்சிரும் போல இருக்கு.

— டீயக் குடி. ஆறுது.

— குடிக்கிறேன். நீங்க தேடுங்க.

— தேட வேணாம்.

— என்னது?

— எங்கிட்ட இருக்கு. கணினியில இல்ல. இந்தப் போன்ல.

— இருக்கா? இவ்வளவு நேரம் இல்லேன்னீங்க?

— பயந்தேன்.

— என்னப் பாத்தா? என்கிட்ட என்ன இருக்கு பயப்பட?

— உன்னப் பாத்து இல்ல. அதாவது... அன்னைக்கு நான் நம்ம பேச்சுல பேசியிருக்கக் கூடாது. முன்ன, இந்தப் பொண்ணு வேலைக்கு வர்றதுக்கு முந்தி, வியாழக்கிழமை அரை மணி நேரம் நமக்குன்னு ஒண்ணு நடத்திக்கிட்டு இருந்தேன், ஞாபகம் இருக்கா?

— இல்லாம? தொழுகைய முடிச்சதும் முடிக்காததுமா ஓடிவருவோம். எங்க மாமியா தட்டு கழுவுனாக்கூட சத்தம் வரக் கூடாதும்பாங்க.

— அதை முதலாளி நிறுத்திட்டாரு. 'யாருக்குய்யா புரியுது, விளம்பரம் குடுக்கறவன் சிரிக்கிறான்'னாரு. அறிக்கையில ஒரு வார்த்தைகூட அந்தப் பேச்சு வரக் கூடாதுன்னு எழுதியே குடுத்துட்டாரு. அன்னைக்குக் காலையில வந்த அறிக்கையப் பாத்தேன். ஆழம், வேகம், கடல் மைல், அலை உயரம்னு இருந்துச்சு. படிச்சுக்கிட்டே நெனைக்கிறேன். இதை யாரு கேக்கப் போறா? இந்தச் சலவைப் பேச்சு எந்தக் காதுல ஏறும்? கடைசியில ஒரே ஒரு வரி நம்ம பேச்சுல சொன்னா எல்லாருக்கும் உறைக்கும்னு தோணுச்சு. சொல்லிட்டேன்.

— நல்ல மனசு.

— மறுநாளே முதலாளிக்கு யாரோ போன் பண்ணிட்டாங்க. இன்னொரு தடவ நடந்தா வேலை இல்லைன்னாரு. இது வெளிய போச்சுன்னா எனக்கு இங்க இடமில்ல. அதான் இல்லேன்னேன்.

— அப்பிடின்னா ஏன் வெச்சிருக்கீங்க? அழிச்சிருக்க வேண்டியதுதானே?

— படகு திரும்பலைன்னு சேதி வந்த அன்னைக்கு ராவே எடுத்து வெச்சேன். நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனான்னு கேட்டுப் பாக்க. கேட்டேன். ஒரு தடவ இல்ல, ஒரு நாப்பது தடவ இருக்கும். கக்கூஸ்ல உக்காந்துகூடக் கேட்டிருக்கேன். என் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சோன்னு ஆயிருச்சு. ஒரு தப்பும் இல்லம்மா. அல்லா மேல ஆணை. நான் எச்சரிக்கைதான் பண்ணியிருக்கேன். ஷெபுவானா ஏன் போனாருன்னு எனக்கு இன்னும் புரியல.

— போடுங்க.

— நெஜமாவே கேக்கணுமா? உடம்புக்கு...

— போடுங்கண்ணே.

— சரி. கிட்ட வா. இந்த ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரங்கும்.

— "நேயர்களுக்குக் காலை வணக்கம். கடல் வானிலை அறிக்கை. லாமு முதல் கியூங்கா வரையிலான கடற்பகுதிகளில் இன்று முற்பகல் தொடங்கித் தெற்குக் காற்றின் வேகம் படிப்படியாக அதிகரிக்கும். அலைகள் மூன்று மீட்டர் உயரம்வரை எழக்கூடும். சிறு படகுகளில் செல்வோர் கடலுக்குள் செல்வதைத் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

— இது நான் கேக்கல. இது அப்ப ஓடியிருக்கும், நான் ஆட்டுக்குட்டிகிட்ட இருந்திருப்பேன்.

— இரு, இன்னும் இருக்கு.

— "தீவுக்காரங்களே, நம்ம சனங்களே, இதக் கேளுங்க. உச்சி லுஹருக்கு முன்னாடி காத்து விழும். அதுக்குத் தக்கன நடந்துக்கங்க. அல்லா காவல்."

— மஸ்தூரா. தண்ணி வேணுமா?

— நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்.

— அழாதே.

— அழல. நான் சரியாத்தான் கேட்டிருக்கேன்! 'காத்து விழும்.' ஒரு எழுத்து மாறல. அல்ஹம்துலில்லா. நான் பைத்தியம் இல்ல.

— நீ என்ன சரியாக் கேட்ட? காத்து விழும், பாத்து நடங்கன்னுதானே சொல்லியிருக்கேன்? அப்புறமும் ஏன் அனுப்புன?

— காத்து விழும்னா போகச் சொல்லாம என்ன சொல்லுவாங்க?

— புரியல.

— அண்ணே, காத்து விழும்னா என்ன?

— என்ன கேள்வி இது? காத்து மேலேர்ந்து இறங்கி வந்து விழும். விழுந்து அடிக்கும். புயல் மாதிரி.

— யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? எல்லாரும் சொல்றதுதான். மொம்பாசாவுல என் மாமனாரு வீட்டுல தெனம் சொல்லுவாங்க. 'இன்னைக்குக் காத்து விழுது, சன்னலைச் சாத்து'ம்பாங்க.

— அது மொம்பாசா. நம்ம ஊர்ல?

— நம்ம ஊர்லயும்...

— நம்ம ஊர்ல காத்து எந்திரிக்கும், இல்லேன்னா விழும். எந்திரிச்சா வீட்டுல இருப்போம். விழுந்தா போவோம். காத்து விழுந்துருச்சுன்னா செத்துருச்சுன்னு அர்த்தம். பாயைச் சுருட்டிட்டு துடுப்பை எடுன்னு அர்த்தம். கடல் எண்ணெய் மாதிரி கிடக்கும்னு அர்த்தம்.

— இல்ல.

— என்ன இல்ல?

— அப்பிடி இல்லம்மா. நீ கிவாயு. கிவாயுவுல ஒருவேள அப்பிடிச் சொல்லுவாங்களா இருக்கும். ஃபாஸாவுல வேற.

— ஃபாஸாவுக்கும் கிவாயுவுக்கும் நடுவுல கிடக்கறது ஒரு தண்ணி. எங்க மாமியா ஃபாஸாதான். நான் சொல்ற அதே சொல்லுதான்.

— இல்ல, எனக்கு நல்லாத் தெரியும். எங்க வாப்பா கூட நானே படகுல போயிருக்கேன். ஏழெட்டு வயசு இருக்கும். ஒரு நாள் வெளிப் பாறைகிட்ட போயிட்டுத் திரும்பறோம். நல்ல வெயிலு. வாப்பா பாயைப் பாத்தாரு. பாத்துட்டு...

— பாத்துட்டு?

— பாத்துட்டு, 'காத்து விழுந்துருச்சுடா மகனே'ன்னாரு.

— அப்புறம்?

— 'இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, படு'ன்னாரு.

— ம்.

— படுத்துட்டோம். சாயங்காலம் வரைக்கும். படகு அசையவே இல்ல. நான் அவரு வயித்து மேல தலை வெச்சுத் தூங்கிட்டேன்.

— அண்ணே.

— நாப்பது தடவ கேட்டேன் மஸ்தூரா. நாப்பது தடவ. தப்பு இல்ல தப்பு இல்லன்னு.

— அண்ணே, கையை எடுங்க. மூஞ்சியக் காட்டுங்க. அந்தப் பொண்ணு வந்தா என்ன நெனைக்கும்?

— ரேடியோ பேச்சுல மட்டும் சொல்லிட்டு நிறுத்தியிருந்தேன்னா எல்லாருக்கும் சரியாப் போய்ச் சேந்திருக்கும். நானா இரக்கப்பட்டேன். நானா நம்ம பேச்சுல சொன்னேன். அந்த ஒரு வரி.

— சத்தமாப் பேசாதீங்க.

— எட்டு வீட்டுக்காரங்களும் ரெண்டையும்தானே கேட்டாங்க? அவங்க ஏன் யாரும் வந்து என்னைக் கேக்கல? 'நீ என்னடா உளர்ற'ன்னு ஏன் கேக்கல?

— முதல்ல சொன்னது தெளிவா இருந்துச்சுல்ல. போகாதேன்னு சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் வந்தது அவங்க காதுல ஏறியிருக்காது. ஏறியிருந்தாலும், டவுன் ஆளு ஏதோ தட்டுத்தடுமாறிச் சொல்றாருன்னு விட்டிருப்பாங்க. வியாழக்கிழமை நீங்க பேசுறப்பவே நாங்க சிரிப்போம்ணே. ஆசையாத்தான். கேலியாச் சிரிக்க மாட்டோம். எங்க மாமியா, 'பாவம், புள்ள பல்லுல கல்லைப் போட்டுக்கிட்டுப் பேசுது'ம்பாங்க.

— நான் ஒழுங்காப் பேசறேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

— தெரியும்.

— சார், ஒரு மணி அறிக்கை வந்துவிட்டது. நான்கு நிமிடம் இருக்கிறது. ஐயோ, என்ன சார் ஆயிற்று?

— ஒண்ணும் இல்ல நெக்கேசா. நீ வாசிச்சிரு.

— நானா? சார், என் உச்சரிப்பைக் கேட்டால் முதலாளி கத்துவார். போன முறையே மலைநாட்டு வாசனை அடிக்கிறது என்றார்.

— கத்தட்டும். தாள்ல என்ன எழுதியிருக்கோ அத மட்டும் வாசி. அதுக்கு மேல ஒரு வார்த்தையும் சேக்காதே. ஒரு வார்த்தையும். சரியா?

— சரி சார். அம்மா, இவரைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

— போம்மா, போ. நான் பாத்துக்கறேன். நல்ல பொண்ணுண்ணே.

— நல்ல பொண்ணுதான். என்னைப் பத்தி முதலாளிகிட்ட போட்டுக் குடுத்தது இவதான்னு ரொம்ப நாள் நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்புறம் பாத்தா என் மச்சினன்.

— என்னத்த சொல்ல. எல்லா ஊர்லயும் மச்சினன்மாரு ஒண்ணுதான் போல.

— வெள்ளிக்கிழமை எத்தன மணிக்கு?

— என்ன?

— உங்க வீட்டுல உக்காரப் போறாங்கன்னியே. எத்தன மணிக்கு?

— ஜும்மா முடிஞ்சதும். நீங்க எதுக்குக் கேக்கறீங்க?

— நான் வர்றேன்.

— வேணாம்ணே. இந்தப் பதிவ மட்டும் என் போனுக்கு அனுப்பிவிடுங்க, போதும். போட்டுக் காட்டிக்கறேன்.

— அது மட்டும் போதாது. இதப் போட்டா முதல் பாதியும் வரும். 'அதான் போகாதேன்னு சொல்லுதே'ம்பாரு லாலி. நான் வந்து நிக்கணும். நின்னு, 'பூனு மகன் துவாலிபு நம்ம பேச்ச மறந்துட்டான், மறந்தது தெரியாமயே ரேடியோவுல பேசிட்டான், இவ மேல ஒரு தப்பும் இல்ல'ன்னு சொல்லணும்.

— உங்க வேலை?

— போகட்டும்.

— அப்பிடிப் பொசுக்குன்னு சொல்லிட்டீங்க. வீட்டுல பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க.

— உன் புருசனே போயிட்டாரும்மா. என் வேலை போறது ஒரு போறதா?

— லாலி கை நீட்டிருவாரு. கோவக்காரரு.

— நீட்டட்டும். நாப்பது தடவ கேட்டும் என் காதுல விழலியே, ஒரு அறையிலயாவது விழுதான்னு பாப்போம்.

— ரொம்பப் பேசாதீங்க. டீயக் குடிங்க, உங்க டீயும் ஆறிப் போச்சு. நான் சொன்னது கேட்டீங்களா? எனக்கு அலுத்துப் போச்சுண்ணே. காலையில கிளம்புறப்ப எப்பிடி நெனச்சேன் தெரியுமா? அந்தக் குரல்காரனைப் பாத்து, சட்டையப் புடிச்சு உலுக்கணும்னு நெனச்சேன். இங்க வந்து பாத்தா நீங்க காலு ஆடற நாற்காலியில உக்காந்திருக்கீங்க.

— உலுக்கு. இப்பவும் உலுக்கலாம்.

— தெம்பு இல்ல.

— எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லும்மா. கேக்கவும் பயமா இருக்கு, கேக்காம இருக்கவும் முடியல.

— கேளுங்க.

— நீ போயிச் சொன்ன உடனே அவரு கிளம்பிட்டாரா? என் வார்த்தைய அப்பிடியே நம்பிட்டாரா?

— எதுக்கு அது?

— தெரிஞ்சுக்கணும். இனிமே ராத்திரி அதையேதான் நெனச்சுக்கிட்டுக் கிடப்பேன். என் குரலக் கேட்டு எந்திரிச்சாரு, படகத் தள்ளுனாருன்னு. அவரு மூஞ்சிகூட எனக்குத் தெரியாது. கடைசியா என்னை நம்பிப் போன மனுசன்.

— நம்பல.

— என்ன?

— அவரு உங்கள நம்பல.

— புரியலம்மா.

— இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. லாலிகிட்ட சொல்லல, எங்கம்மாகிட்டகூடச் சொல்லல. நீங்களும் வெள்ளிக்கிழமை சொல்ல மாட்டீங்கன்னு நெனைக்கிறேன். சொன்னாலும் சொல்லுங்க. அவரு மாசத்துக்கு ரெண்டு தடவ கல்லெறால் விக்க இங்க வந்து போற ஆளு. டவுன் பேச்சு, மொம்பாசா பேச்சு எல்லாம் தெரியும். நான் ஓடிப் போயி, 'நம்ம பேச்சுல சொல்றாங்க, காத்து விழுமாம், ரெண்டு நாளா வலை தண்ணியிலயே கிடக்கு, போயி எடுத்துட்டு வாங்க'ன்னேன்.

— அதுக்கு அவரு?

— 'அந்த ரேடியோக்காரன் டவுன்லயே கிடக்கறவன், அவன் விழும்னா அடிக்கும்னு அர்த்தம், நான் போகல'ன்னு திரும்பிப் படுத்துட்டாரு. நான்தான் கையப் புடிச்சு இழுத்து எழுப்பிவிட்டேன், 'அவரு நம்ம ஆளுங்க, நம்ம பேச்சு அவருக்குத் தெரியாதா'ன்னு.